தண்ணி குடிச்ச போட் என்ஜின்: உடனே ஸ்டார்ட் பண்றதா, டிரம்ல முக்கி வைக்கிறதா, டீசல் ஊத்துறதா, பிரிச்சுப் போடுறதா?

போட் கவுந்து என்ஜின் தண்ணி குடிச்சிடுச்சுன்னா கரைக்கு இழுத்துட்டு வந்ததும் எங்க பக்கம் எல்லாரும் மொதல்ல செய்றது, மேல் கவரக் கழட்டிட்டு வெயில்ல காய வைக்கிறது. நானும் அதப் பாத்துத்தான் வளந்தேன், காஞ்சதும் கயித்த இழுத்தா எடுத்துக்கும்னு ஒரு நம்பிக்கை. ஆனா என்ஜின் கெட்டுப்போறது பெரும்பாலும் கடலுக்குள்ள கெடந்த நேரத்துல கிடையாது, இப்படிக் காய வைக்கிற நேரத்துலதான். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணியும் வேணும் காத்தும் வேணும். முழுசா மூழ்கிக் கெடக்கும்போது காத்து கம்மி, துரு மெதுவா ஏறும். வெளிய எடுத்ததும் உள்ள இருக்க ஒவ்வொரு இரும்பு மேலயும் மெல்லிசா ஒரு உப்புத்தண்ணிப் படலம், சுத்தியும் காத்து, வெயில் சூடு வேற. ஒரு லிட்டர் கடல்தண்ணில சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. தண்ணி ஆவியாப் போனாலும் உப்பு உள்ளயே உக்காந்துக்கும், ராத்திரிப் பனியில அந்த உப்பே காத்துல இருக்க ஈரத்த இழுத்து மறுபடி நனைச்சு விட்ரும். உப்பக் கழுவாத வரைக்கும் அந்த என்ஜின் காஞ்சதா கணக்கே கிடையாது.

இத நான் எப்படித் தெரிஞ்சுக்கிட்டேன்னா, வேதாரண்யம் பக்கம் எங்க ஊர்ல ஒரு மார்கழி மாசம் காலையில அலை முறியுற இடத்துல ரெண்டு ஃபைபர் போட் அடுத்தடுத்து கவுந்துச்சு, ஒண்ணு எங்களோடது, இன்னொண்ணு மாமாவோடது. ரெண்டுலயும் போட் பின்னாடி மாட்டுற ஒரே மாடல் 9.9 எச்.பி. டூ ஸ்ட்ரோக் (பெட்ரோல்ல எண்ணெய் கலந்து ஓட்டுற) என்ஜின், வாங்குனது கூட ஏறக்குறைய ஒரே சமயம். ஆளுக்கு ஒண்ணும் ஆகல, அதுவே பெரிய விஷயம். எங்களோடத அன்னைக்கு மத்தியானமே தண்ணியெல்லாம் வடிச்சு நல்ல தண்ணி டிரம்ல தலைகீழா முக்கிட்டோம், மாமா அவரோடத டவுன்ல ஒரு கடைக்குக் கொண்டு போய் விட்டாரு. அந்தக் கடையில வேலை ஜாஸ்தி, மூணு நாள் அப்படியே ஸ்டாண்டுல மாட்டி வச்சிருந்துட்டு நாலாம் நாள்தான் பிரிச்சாங்க. மாமா கூட நானும் போயிருந்தேன். கிராங்க் கேஸ, அதான் பிஸ்டன் ராடு சுத்தி விடுற கிராங்க் தண்டு இருக்க கூட்ட, தொறந்ததும் பாத்தா, ராடுக்குக் கீழ இருக்க பேரிங்கோட ஊசி உருளைங்க ஒவ்வொண்ணும் எந்த இடத்துல நின்னுச்சோ அந்த இடத்துல கிராங்க் மேல காவி நிறத்துல கோடு கோடா, அளந்து வச்ச மாதிரி சம இடைவெளியில துரு விழுந்திருந்துச்சு. மெக்கானிக் எண்ணெய்த் துணியால தொடச்சாரு, நிறம் போச்சு, கோடு போகல, நகத்த வச்சு இழுத்தா தட்டுச்சு. "தம்பி, இத அப்படியே பூட்டிக் குடுத்தா கரைக்கு வர்ற வரைக்கும் ஓடும், கடல் நடுவுல நிக்கும்"னாரு. கிராங்க் செட்டு மொத்தமா மாத்த வேண்டியதாப் போச்சு.

அதனால இந்த அலசல்ல நான் பாக்கப்போறது ஒரே கேள்வியத்தான், தண்ணியிலேந்து வெளிய வந்ததுக்கும் உள்ள எண்ணெய் போய்ச் சேர்றதுக்கும் நடுவுல எவ்ளோ நேரம் போகுது, எந்த வழி அந்த நேரத்தக் குறைக்குது. வழி நாலு இருக்கு. நாலுமே சரியான இடத்துல சரி, தப்பான இடத்துல என்ஜினையே காலி பண்ணிடும்.

எந்த வழின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி மூணு விஷயம் தெரிஞ்சாகணும். மூழ்கும்போது என்ஜின் ஓடிட்டு இருந்துச்சா, நிறுத்தியிருந்துச்சா? உள்ள மண்ணு, சேறு போயிருக்கா? வெளிய எடுத்து எத்தன மணி நேரம் ஆச்சு? மொதல் கேள்விதான் பலரும் யோசிக்காதது. காத்த அமுக்கலாம், தண்ணிய அமுக்க முடியாது. ஓடிட்டு இருக்க என்ஜின் தண்ணிய உறிஞ்சுனா பிஸ்டன் மேல ஏறி வந்து தண்ணியில மோதும், எங்கயாவது ஒண்ணு வளையணும், வளையுறது கனெக்டிங் ராடு. வெளியிலேந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது. மண்ணு போகலன்னா பிளக்கக் கழட்டிட்டு ஃபிளைவீல (என்ஜின் மேல இருக்க கனமான சக்கரம்) கையால மெதுவா ஒரு முழு சுத்து சுத்திப் பாக்கணும், ஒரு இடத்துல பிடிக்குது, உரசுற சத்தம் வருது, ஒரு பக்கம் இறுக்கமா ஒரு பக்கம் லூசா இருக்குன்னா அங்கயே கைய எடுத்துடுங்க. பலம் போட்டு இழுக்காதீங்க. அதுக்கப்புறம் நாலாவது வழி ஒண்ணுதான், பிரிக்கிறது.

மொத வழி: அன்னைக்கே கரையிலயே ஸ்டார்ட் பண்றது

கூடுமான வரைக்கும் நான் இதைத்தான் சொல்லுவேன். மண்ணு போகல, ஃபிளைவீல் லேசா சுத்துது, வெளிய எடுத்து மூணு மணி நேரத்துக்குள்ளதான் ஆச்சு, நல்ல தண்ணியும் சாமானும் கைக்கு எட்டுற தூரத்துல இருக்குன்னா இத விட நல்ல வழி வேற இல்ல. ஏன்னா ஓடுற என்ஜினோட சூடும் எண்ணெயும் சேந்து செய்ற வேலைய எந்த ஸ்ப்ரேயும் செய்யாது. உள்ள இருக்க ஈரத்த சூடு வெரட்டிடும், அதே நேரத்துல பேரிங் மேல புது எண்ணெய் ஏறிடும்.

ஆனா இதுல அவசரப்பட்டுத்தான் பாதி என்ஜின் போகுது. வரிசையா சொல்றேன். கவரக் கழட்டி மேலேந்து கீழ வரைக்கும் நல்ல தண்ணியால கழுவணும், காயில், ஒயர் கனெக்டர், ஃபிளைவீலுக்கு அடியில, கார்ப்ரேட்டர சுத்தி எல்லா இடமும். பிரஷர் பம்ப் வேணாம், அது தண்ணிய சீலுக்கு உள்ள தள்ளிடும், சும்மா ஓஸ்ல வர்ற தண்ணி போதும். அடுத்து பிளக் எல்லாத்தையும் கழட்டுங்க. கழட்டுன உடனே பிளக் ஒயர என்ஜின் பாடியில எர்த் பண்ணுங்க, இல்ல என்ஜின நிறுத்துற கில் ஸ்விட்ச்சோட கிளிப்ப உருவி வச்சிடுங்க. இத ஏன் அழுத்திச் சொல்றேன்னா, பிளக் ஓட்டையிலேந்து பெட்ரோல் ஆவியும் சேந்துதான் வெளிய பீச்சும், பக்கத்துல தொங்குற ஒயர்லேந்து ஒரு பொறி விழுந்தா போதும், பத்திக்கும்.

அப்புறம் என்ஜின, பிளக் ஓட்டை கீழ பாக்குற மாதிரி ஒரு பழைய டயர் மேல சாச்சுப் படுக்கப் போட்டு கயித்த மெதுவா இழுக்கணும். மொத இழுப்புல தண்ணி குழாய்ல வர்ற மாதிரி பீச்சும். நாலஞ்சு இழுப்புக்கு அப்புறம் துப்பல் மாதிரி விட்டு விட்டு வரும், அதுக்கும் அப்புறம் வெள்ளையா நுரை வரும், அந்த நுரைதான் எண்ணெயும் தண்ணியும் கலந்தது. நுரை நிக்கிற வரைக்கும் விடாம இழுக்கணும், பல பேர் தண்ணி நின்னதுமே நிறுத்திடுறாங்க. டூ ஸ்ட்ரோக்குல தண்ணி சிலிண்டர்ல மட்டும் நிக்காது, கிராங்க் கேஸ் உள்ளயும் நிக்கும், ஏன்னா பெட்ரோலும் காத்தும் அது வழியாத்தான் மேல போகுது. அதனால என்ஜினத் திருப்பித் திருப்பிப் போட்டு, கார்ப்ரேட்டர கழட்டிட்டு அந்த வாய் வழியாவும் வடிச்சு விடணும்.

நுரை நின்னதும் ஒவ்வொரு பிளக் ஓட்டையிலயும் கார்ப்ரேட்டர் வாயிலயும் கொஞ்சம் ஸ்பிரிட் ஊத்தி ரெண்டு மூணு தடவ இழுத்து வடிச்சிடுங்க, மிச்சம் மீதி தண்ணிய அது தன்னோட சேத்துக் கூட்டிட்டுப் போயிடும். அடுத்த வேலை டூ-டி எண்ணெய் (டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்குன்னே வர்றது), ரெண்டு மூடி அளவு ஒவ்வொரு சிலிண்டருக்கும், கார்ப்ரேட்டர் வாயிலயும் கொஞ்சம், மறுபடி இழுப்பு. கார்ப்ரேட்டர் கிண்ணத்தத் தொறந்து தொடச்சு, ஜெட்டு ஓட்டைய ஊதிப் பாத்து மாட்டுங்க. புது பிளக், புது பெட்ரோல், அதுவும் வேற கேன்ல. எண்ணெய்க் கலவை 50-க்கு 1 போடுற என்ஜினா இருந்தா மொத கேனுக்கு 25-க்கு 1 போடுங்க, புகையும், புகையட்டும். கூலிங் தண்ணி இல்லாம ஓட்டக்கூடாது, அதனால அடிக்கால (புரொப்பல்லர் இருக்க கீழ்ப் பாகம்) தண்ணி நிரப்புன டிரம்ல எறக்கித்தான் ஸ்டார்ட் பண்ணணும்.

மொத தடவயிலயே எடுக்கும்னு எதிர்பாக்காதீங்க. ரெண்டு இருமல் இருமிட்டு நின்னுடும், பிளக்கக் கழட்டிப் பாத்தா முனையில ஒரு சொட்டுத் தண்ணி பாலம் போட்ட மாதிரி நிக்கும். தொடச்சு, பெட்ரோலுக்குத் தூரமா இருக்க அடுப்புல லேசா காட்டி, ஆற விட்டு மறுபடி மாட்டணும். எங்களுக்கு ஒரு தடவ அஞ்சு முறை இப்படிக் கழட்டி மாட்டினதுக்கு அப்புறம்தான் எடுத்துச்சு. எடுத்துட்டா அரை மணி நேரத்துக்குக் கம்மியா நிறுத்தவே கூடாது, ஒரு மணி நேரம் ஓட விட்டா ரொம்ப நல்லது, ஐடில்ல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி.

இந்த வழியோட குறை என்னன்னா, ஆள் வேணும், சாமான் வேணும், பொழுது வேணும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கரைக்கு வந்து டார்ச் வெளிச்சத்துல இவ்ளோவும் பண்றேன்னு ஆரம்பிச்சா பாதியில நிக்கும். பாதி வடிச்சுட்டு ராத்திரி விட்டுட்டுப் போறதுதான் எல்லாத்த விடவும் மோசம்.

ரெண்டாவது வழி: நல்ல தண்ணியில முக்கி வைக்கிறது

கேக்கும்போது கிறுக்குத்தனமாத் தெரியும், தண்ணி போன என்ஜின மறுபடி தண்ணியில போடுறதா-ன்னு. எங்க அப்பாவே ஒத்துக்கல, "நனைஞ்சது பத்தாதாடா"ன்னு கேட்டாரு. ஆனா அன்னைக்கே ஸ்டார்ட் பண்ண முடியாதுன்னு தெரிஞ்சா இதுதான் சரியான வழி. உப்பு கரைஞ்சு வெளிய வரும், காத்து உள்ள படாது, மெக்கானிக் வர்ற வரைக்கும் நேரத்த நிறுத்தி வச்ச மாதிரி.

200 லிட்டர் டிரம்ல முழு என்ஜினும் நிக்காது, உயரம் பத்தாது. கவலைப்பட வேணாம், கவரக் கழட்டிட்டு தலைகீழா, பவர் ஹெட்டு (சிலிண்டர் இருக்க மேல் பாகம்) முழுசா மூழ்குற மாதிரி எறக்கி, அடிக்கால் வெளிய நீட்டிட்டு இருந்தாப் போதும். எறக்கறதுக்கு முன்னாடி பிளக்கக் கழட்டி உள்ள இருக்க உப்புத்தண்ணிய வடிச்சிடணும், பிளக் இல்லாமலே எறக்கணும், அப்பத்தான் சிலிண்டருக்குள்ள நல்ல தண்ணி போகும், காத்து மூட்டம் நிக்காது. எறக்கும்போது குமிழி வரும், நிக்கிற வரைக்கும் ஆட்டி ஆட்டி விடுங்க. சில மணி நேரம் கழிச்சு அந்தத் தண்ணிய ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்க, கரிக்கும், அவ்ளோ உப்பு வெளிய வந்திருக்கும். கொட்டிட்டுப் புதுசா நிரப்புங்க.

தண்ணியப் பத்தி ஒரு எச்சரிக்கை. வேதாரண்யம் பக்கம் பல கிணறும் போரும் உவர், கடலுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாத இடமெல்லாம் இருக்கு. குடிக்கிற தண்ணி லாரி வருதுன்னா அந்தத் தண்ணி, இல்லன்னா மழைத்தண்ணி தேங்கின குளம். குளத்துலயே நேரா எறக்குறதா இருந்தா ஒரு பழைய வேட்டியச் சுத்திக் கட்டிட்டு எறக்குங்க, இல்லன்னா சேறு உள்ள போய் வேற வினை.

எவ்ளோ நேரம் இப்படி வைக்கலாம்னு கேட்டா, ஒரு நாள் தாராளமா, ரெண்டு நாள் பரவால்ல. அதுக்கு மேல நான் வச்சதில்ல, வைக்கவும் மாட்டேன், நல்ல தண்ணியிலயும் கொஞ்சம் காத்து கரைஞ்சுதான் இருக்கு, காயில், சி.டி.ஐ. (பிளக்குக்குப் பொறி அனுப்புற கரண்டு பெட்டி) மாதிரி சாமானுக்கும் அது நல்லது கிடையாது. எங்க என்ஜின் ஒரு ராத்திரி கெடந்துச்சு, மறுநாள் காலையில மொத வழியில சொன்னதெல்லாம் செஞ்சோம், மத்தியானம் ஓடுச்சு, இன்னைக்கும் அதே கிராங்க்தான். முழுசா தப்பிச்சுதுன்னு சொல்ல மாட்டேன், ரெண்டு மாசம் கழிச்சு சி.டி.ஐ. போச்சு, கார்ப்ரேட்டர் உள்ள அலுமினியம் அரிச்சு வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி பூத்திருந்துச்சு, அதையும் மாத்தினோம். ஆனா கிராங்க் மாத்துற செலவுக்கு முன்னாடி இதெல்லாம் ஒண்ணுமில்ல.

மூணாவது வழி: டீசலோ எண்ணெயோ ஊத்தி நிரப்பி வைக்கிறது

இது நம்ம கரையில ரொம்பப் பழக்கத்துல இருக்க வழி, டீசல் எந்தக் கரையிலயும் கெடைக்கும்ங்கிறதால. பிளக் ஓட்டை வழியா டீசல ரொம்ப ரொம்ப ஊத்தி மூடி வச்சிட்டு, "இனிமே துரு ஏறாது"ன்னு நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவாங்க. இங்கதான் ஒரு தப்பு ஒளிஞ்சிருக்கு. டீசல் தண்ணிய விட லேசு, தண்ணி மேல மெதக்கும். உள்ள தண்ணி இருக்கும்போதே டீசல ஊத்துனா தண்ணி அடியில போய் உக்காந்துக்கும், அடியில இருக்கிறது யாரு, பேரிங். மேல டீசல் காத்த மூடி வச்சிருக்கும் சரிதான், ஆனா பேரிங் உப்புத்தண்ணியிலயே ஊறிட்டு இருக்கும்.

அதனால தண்ணிய முழுசா வடிச்சு, நல்ல தண்ணியால ஒரு தடவ அலசி, முடிஞ்சா ஸ்பிரிட்டும் போட்டு, அதுக்கப்புறம் ஊத்துனா மட்டும்தான் இது வேலை செய்யும். ஊத்தும்போது வெறும் டீசல விட டீசல்ல பாதிக்குப் பாதி என்ஜின் ஆயில் கலந்து ஊத்துறது மேல், வெறும் டீசல் வழிஞ்சு போயிடும், ஆயில் ஒட்டிக்கும். மெக்கானிக் வர ஒரு வாரம் ஆகும்னா இந்த வழி ரெண்டாவது வழிய விட நல்லது. நாளைக்கே வந்துடுவாருன்னா டிரம் தண்ணி போதும். மறுபடி ஸ்டார்ட் பண்றப்ப இதையெல்லாம் சுத்தமா வடிக்கணும், டீசல் உள்ள நின்னா அதுவும் தண்ணி மாதிரிதான், அமுங்காது, ராட வளைச்சிடும்.

நாலாவது வழி: முழுசாப் பிரிக்கிறது

காசு செலவு, நாள் செலவு, நல்ல கை வேணும். ஆனா மண்ணோ சேறோ போயிருந்தா இதத் தவிர வேற பேச்சே இல்ல. 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையக் கடந்தப்ப கடல் உள்ள வந்து சேத்தக் கொண்டாந்து கொட்டிட்டுப் போச்சு. அந்தச் சேறு சாதாரண மண்ணு மாதிரி இல்ல, கருப்பா, வழவழன்னு, காஞ்சா சிமெண்ட். அப்ப கயித்த இழுத்துப் பாக்கலாம்னு இழுத்த என்ஜினுக்கெல்லாம் சிலிண்டர் சுவர் கோடு கோடா கீறிடுச்சு, இழுக்காம விட்டு வச்சு பிரிச்சுக் கழுவுன என்ஜின்ல பலது பிழைச்சுது. மண்ணு இருந்தா ஒரு சுத்து கூட சுத்தக்கூடாது, ஃபிளைவீல் சுத்துதான்னு சோதிக்கிறது கூட வேணாம். பிளக் ஓட்டையில ஒரு குச்சிய விட்டு எடுத்து, அதுல ஒட்டுனத விரல்ல தேச்சுப் பாருங்க, நறநறன்னுச்சுன்னா அதோட சரி. பிரிக்கிற வரைக்கும் நல்ல தண்ணியிலயே கெடக்கட்டும்.

பிரிக்கக் குடுக்கும்போது இன்னைக்கே பிரிப்பீங்களான்னு மொதல்ல கேளுங்க. இல்ல ரெண்டு நாள் ஆகும்னு சொன்னாங்கன்னா என்ஜின வீட்டுக்கே திருப்பிக் கொண்டு வந்து டிரம்ல போடுங்க, அவங்க ஷெட்டுல காய விடாதீங்க. மாமா விஷயத்துல நடந்தது இது ஒண்ணுதான், அந்த மெக்கானிக்கோட கை வேலையில ஒரு குறையும் இல்ல.

எந்த என்ஜினுக்கு எது

மேல சொன்னது டூ ஸ்ட்ரோக்க வச்சு. ஃபோர் ஸ்ட்ரோக்கா இருந்தா ஒரு நல்லதும் ஒரு கஷ்டமும் இருக்கு. நல்லது, கிராங்க் ஆயில்லயே குளிச்சுட்டு இருந்ததால அது மேல ஒரு படலம் கொஞ்ச நேரம் நிக்கும். கஷ்டம், சம்ப்புக்குள்ள (ஆயில் நிக்கிற அடித்தொட்டி) தண்ணி போயிருந்தா ஒரு தடவ ஆயில் மாத்துனா பத்தாது. டிரெயின் போல்ட்டக் கழட்டுனா மொதல்ல வெறும் தண்ணி வரும், அது ஆயில விட கனம்ங்கிறதால அடியில நிக்கும், அப்புறம் பால் கலந்த காப்பி நிறத்துல கொழகொழன்னு வரும். புது ஆயில், புது ஃபில்டர் போட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் ஐடில்ல ஓட்டி வடிச்சுப் பாத்தா மறுபடி பால் மாதிரிதான் வரும். மூணாவது தடவயாவது தெளிவா வரணும், அது வரைக்கும் விலை கம்மியான ஆயில் ஊத்துனாப் போதும், தெளிஞ்சதுக்கு அப்புறம் நல்லது ஊத்துங்க. இன்னொண்ணு, ஃபோர் ஸ்ட்ரோக்க எந்தப் பக்கம் வேணும்னாலும் படுக்கப் போட முடியாது, தப்பான பக்கம் போட்டா ஆயில் சிலிண்டருக்குள்ள போயிடும், எந்தப் பக்கம்னு மேனுவல்ல போட்டிருக்கும். ஃபியூவல் இன்ஜெக்‌ஷன், கம்ப்யூட்டர் எல்லாம் இருக்க புது மாடலா இருந்தா கழுவி, டிரம்ல போடாம, பேட்டரியக் கழட்டிட்டு நேரா தெரிஞ்சவங்க கைக்குக் கொண்டு போறது நல்லது.

லாங் டெயில் (நீளமான தண்டோட முனையில புரொப்பல்லர் இருக்க என்ஜின்) வச்சிருக்கவங்களுக்கு, நம்ம கரையில அதிகமாப் பாக்குற அந்த ஒத்த சிலிண்டர் டீசல், இந்த விஷயத்துல ஒரு பெரிய நிம்மதி, பிளக்கும் கிடையாது காயிலும் கிடையாது, நனைஞ்சு கெட்டுப்போக கரண்டு சாமானே இல்ல. ஏர் ஃபில்டரக் கழட்டி எறி, இன்ஜெக்டரக் கழட்டு, டீகம்ப்ரஷன் லிவரத் தூக்கிட்டு ஹேண்டில மெதுவா சுத்து, தண்ணி வெளிய வந்துடும். சம்ப்ப வடிச்சு டீசலால அலசி புது ஆயில், டேங்க வடிச்சு புது டீசல், டீசல் லைன்ல நிக்கிற காத்த வெளியேத்தி ஸ்டார்ட் பண்ண வேண்டியதுதான். ஆனா அதோட உயிர் ஃபியூவல் பம்புல இருக்கு. அந்தப் பம்பு உள்ள இருக்க பிளஞ்சருக்கும் அது ஓடுற குழாய்க்கும் நடுவுல இருக்க எடைவெளி தலைமுடிய விட பல மடங்கு சின்னது, அதுக்குள்ள உப்புத்தண்ணி ஒரு ராத்திரி நின்னா பிளஞ்சர் பிடிச்சுக்கும். அதனால டீசல் என்ஜின்ல டேங்குக்குள்ள தண்ணி போச்சுன்னு சந்தேகம் வந்தாலே லைன் பூராவும் சுத்தமான டீசல் வர்ற வரைக்கும் வடிச்சிடுங்க, மத்த வேலையெல்லாம் அதுக்கு அப்புறம்.

ஈரம் போக என்ன போடுறதுங்கிறதுலயும் எல்லாரும் ஒவ்வொண்ணு சொல்லுவாங்க. டபிள்யூடி-40 நல்ல சாமான்தான், 1953-ல அமெரிக்காவுல தண்ணிய வெரட்டுறதுக்குன்னே கண்டுபுடிச்சது, ஒயர் கனெக்டர், காயில் வெளிப்பக்கம், போல்ட்டு இதுக்கெல்லாம் அடிக்கலாம். ஆனா பேரிங்குக்கு அத நம்பாதீங்க, அதுல இருக்க எண்ணெய் மெல்லிசு, பேரிங்குக்கு டூ-டியோ என்ஜின் ஆயிலோ போகணும். ஸ்பிரிட்டுக்கு மெடிக்கல் ஷாப்புல கெடைக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட் போதும், அடுப்பு பீடி எதுவும் பக்கத்துல வேணாம். கம்ப்ரஸர் காத்து இருந்தா கனெக்டர் ஒவ்வொண்ணையும் பிரிச்சு ஊதிட்டு கொஞ்சம் கிரீஸ் வச்சு மூடுங்க, கரண்டுப் பிரச்சனையில பாதி அதோட போயிடும். ஈதர் ஸ்ப்ரே அடிச்சு ஸ்டார்ட் பண்றத மட்டும் டூ ஸ்ட்ரோக்குல செய்யாதீங்க, இருக்க கொஞ்சநஞ்ச எண்ணெயையும் அது கழுவிட்டுப் போயிடும்.

அப்புறம் டேங்குல மிச்சம் இருக்க எரிபொருள். மண்ணெண்ணெய்னா ஒரு கண்ணாடி பாட்டில்ல புடிச்சு அரை மணி நேரம் வைங்க, தண்ணி அடியில தனியா கோடு போட்ட மாதிரி நிக்கும், மேல இருக்கத வடிகட்டி எடுத்துக்கலாம், நஷ்டம் கம்மி. பெட்ரோல்ல இப்ப இருபது சதவீதம் எத்தனால் இருக்கு, எத்தனாலுக்குத் தண்ணின்னா உயிர், பெட்ரோல விட்டுட்டுத் தண்ணி கூடப் போய் ஒட்டிக்கும். அடியில நிக்கிறது தண்ணியும் எத்தனாலும் சேந்த கலவை, மேல நிக்கிறது எத்தனால் போய் வலு கொறைஞ்ச பெட்ரோல். பாக்கத் தெளிவா இருக்கேன்னு என்ஜினுக்கு ஊத்தாதீங்க, அந்தக் காசப் பாத்தா பெரிய காசு போகும். டேங்கையும் ஓஸையும் பம்ப் பல்பையும் சேத்தே காய வைங்க, ஓஸுக்குள்ள நிக்கிற ரெண்டு ஸ்பூன் தண்ணி கழுவி வச்ச கார்ப்ரேட்டர மறுபடி நாசம் பண்ணிடும், இது எங்களுக்கே நடந்துச்சு.

ஓட ஆரம்பிச்சதும் மறுநாளே ஆழத்துக்குப் போகாதீங்க. ரெண்டு மூணு நாள் கரையோரம், கூட இன்னொரு போட் இருக்கப்ப மட்டும். கியர் ஆயில அன்னைக்கே பாத்திருந்தாலும் நாலஞ்சு மணி நேரம் ஓடுனதுக்கு அப்புறம் மறுபடி அடி ஸ்க்ரூவ லேசா லூஸ் பண்ணிப் பாருங்க, ஒரு சொட்டு வெள்ளையா வந்தாலும் சீல் போயிருக்குன்னு அர்த்தம். பிளக்க ஒரு வாரத்துக்கு தெனமும் கழட்டிப் பாருங்க, காவி நிறத்துல பொடி மாதிரி ஒட்டியிருந்தா உள்ள எங்கயோ துரு உதிர்ந்துட்டு இருக்கு. கைய ஃபிளைவீல் மேல வச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க, முன்ன இல்லாத ஆட்டம் இருந்தா, இல்ல ஐடில்ல ஓடும்போது கோலிக்குண்டு டப்பாவுல உருட்டுற மாதிரி சத்தம் கேட்டா, அது பேரிங். அப்படியே நிறுத்தி கரைக்கு ஏத்திடுங்க. எங்க என்ஜின் ஸ்டார்ட் ஆன அன்னைக்கு மாமா வந்து அப்படித்தான் டிரம் பக்கத்துல குத்த வச்சு உக்காந்து ரொம்ப நேரம் காது குடுத்துக் கேட்டாரு, கவரத் தொட்டுப் பாத்தாரு, அப்புறம் எழுந்து எங்க டிரம்மக் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. இப்ப அது அவர் வீட்டு வாசல்லதான் நிக்குது, மழைத்தண்ணி புடிச்சு எப்பவும் நிரப்பி வச்சிருக்காரு.